விளக்கத்தில் விழும் ஓட்டை: மர்மத் தொடர்களும் வடசென்னையின் கேள்விகளும்

கடவுளின் குதிரைக்குத் தீனி வேண்டாம். பகலில் அது எந்தக் கொட்டிலில் நிற்கிறது, யார் தண்ணீர் காட்டுகிறார்கள், லாடம் அடித்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இரவில் குளம்போசை கேட்கிறது, தவறு செய்தவன் தண்டனை பெறுகிறான், அவ்வளவு போதும். ஆனால் அதில் ஏறி வந்தது சாமி அல்ல, ஊரோடு ஊராக நடமாடும் ஒரு மனிதர்தான் என்று கதை சொல்லிவிட்டால் அந்த நிமிடமே குதிரைக்குப் பசியெடுக்கிறது. கொள்ளு வேண்டும், வைக்கோல் வேண்டும், சாணம் அள்ள ஆள் வேண்டும், கனைப்புச் சத்தம் காதில் விழாத அண்டை வீட்டார் வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குதிரையைத் தெரியும். இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, நாகாவின் இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. ‘மர்மதேசம்’ என்ற பொதுத் தலைப்பில் வந்த கதைகளில் இதுவே மக்கள் மனத்தில் அதிகம் தங்கியது. தோட்டக்காரமங்கலம் என்ற ஊர், அங்கே காவல் நிற்கும் கருப்பு, ஒரு சிறுவனின் பழைய காலமும் பெரியவர்களின் நிகழ்காலமுமாக மாறி மாறி நகரும் கதை. தண்டிப்பது சாமியா, ஆசாமியா என்ற ஒற்றைக் கேள்வியில் மொத்தத் தொடரும் தொங்கிக்கொண்டிருந்தது. முடிவில் கிடைத்தது உளவியல் பதில்: ஒருவருக்குள்ளேயே ஒளிந்திருந்த இன்னொருவர். அந்த ஒருவர் யார் என்பதை, இன்னும் பார்க்காதவர்களை மதித்து, இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

தொடர் முடிந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதை நேசித்தவர்கள் இன்னமும் அதில் எது இடிக்கிறது, எது பொருந்துகிறது என்று வாதாடுகிறார்கள். வெறுத்தவர்கள் இந்த வேலையில் இறங்குவதில்லை, அவர்களுக்கு முதல் வாரமே போதும். காட்சிக்குக் காட்சி நினைவு வைத்துக்கொண்டு, “அன்னிக்கு அந்த நேரத்துல அவரு வேற இடத்துல இருந்தாரே” என்று கேட்பவர் தொடரின் ஆழ்ந்த ரசிகர்.

இந்த ரசிகர்கள் சாமியைச் சந்தேகப்படுவதில்லை, சாமிக்குப் பதிலாக வைக்கப்படும் விளக்கத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இதை நாத்திகம் என்றோ பக்தி என்றோ வகைப்படுத்தினால் இரண்டுமே தப்பாகும். விளக்கம் சொல்ல முன்வந்தவர் முழு விளக்கத்தையும் சொல்லியாக வேண்டும் என்ற நியாய உணர்ச்சி இது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் கடலோரத் தொழிற்பட்டையில் இந்த உணர்ச்சிக்குத் தனியான வேர்கள் உண்டு என்று நம்புகிறேன்.

இந்தப் பட்டையின் வாழ்க்கை நேரத்தால் கட்டப்பட்டது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், அருகிலேயே எம்ஆர்எஃப் டயர், எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம். இந்த வாசல்களுக்குள் போய் வந்தவர்களின் வீடுகளில் ஒரு நாள் என்பது மூன்று ஷிப்டு. அப்பா செகண்ட் ஷிப்டா, நைட்டா என்பது பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ரிலீவர் வராமல் இயந்திரத்தை விட்டு நகர முடியாது. இயந்திரம் நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, அப்போது யார் நின்றார்கள், அதற்கு முன் என்ன சத்தம் வந்தது என்று லாக் புக்கில் எழுத வேண்டும். எழுதியதும் நடந்ததும் ஒத்துப்போகாவிட்டால் மெமோ வரும். இப்படி வாழ்ந்தவர்கள் ஒரு மர்மத் தொடரின் முன் உட்காரும்போது, கதாபாத்திரங்களின் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பார்கள்?

அன்றைய ஒளிபரப்பு முறையும் இதற்கு இடம் கொடுத்தது. வாரம் ஒரு முறைதான் தொடர் வரும். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் முழு வாரம் கிடந்தது. நைட் ஷிப்டு போனவர் அந்தப் பகுதியைத் தவறவிட்டிருப்பார். மறுநாள் யாராவது அவருக்குக் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்கிறவர் கோவையாகச் சொல்ல முயலும்போதுதான் கோவையில்லாத இடம் தட்டுப்படும். “இரு, அப்ப அந்தக் கதவைத் திறந்தது யாரு?” என்று கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பகுதியைப் பார்க்காதவராகவே இருப்பார். பார்த்தவரை இசையும் ஒளியும் அந்த இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டிருக்கும். கதையை வாய்வழி கேட்டவருக்கு அந்த உதவி இல்லை, அவரிடம் இருந்தது கதையின் எலும்பு மட்டும்.

இந்தக் கடற்கரையில் இத்தகைய கேள்விக்கு வயது தொலைக்காட்சியை விட மிக அதிகம். திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் மகிழ மரத்தடியில் ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. அதன் பின்னணியில் இருக்கும் கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். சுந்தரர் இந்த ஊருக்கு வந்து, கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு விரும்புகிறார். திருவாரூரில் அவருக்குப் பரவையார் என்ற மனைவி இருக்கிறார் என்பது சங்கிலியாருக்குத் தெரியும். தன்னை விட்டுப் போய்விடுவாரே என்ற பயம் அவருக்கு. ‘உன்னைப் பிரியேன் என்று அவன் சத்தியம் செய்வான்’ என்று இறைவன் கனவில் உறுதி சொல்கிறார். சுந்தரருக்கு அந்தச் சத்தியத்தில் சிக்க மனமில்லை. ஆகவே அவர் இறைவனிடமே ஒரு ஏற்பாடு கேட்கிறார்: நான் சந்நிதிக்குச் சத்தியம் செய்ய வரும்போது நீர் அங்கே இராமல் வெளியே மகிழ மரத்துக்குப் போய்விட வேண்டும். இறைவன் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு சங்கிலியாரின் கனவில் வந்து, சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் மகிழடியில் சுந்தரருக்குத் தப்ப வழியில்லை, சத்தியம் செய்கிறார். பின்னர் வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியபோது இரண்டு கண்களும் போகின்றன.

இது ஓட்டையைப் பற்றியே கட்டப்பட்ட கதை. ஒருவர் ஒப்பந்தத்தில் ஓர் இடுக்கைத் தேடிக் கண்டுபிடிக்கிறார், இன்னொருவர் அதை அடைக்கிறார். இந்தக் கதைக்குள்ளேயே ஒரு பெரிய கேள்வியும் நிற்கிறது: எங்கும் நிறைந்த இறைவன் ஒரு கருவறையை விட்டு எப்படி வெளியே போக முடியும்? போனால் மரத்தில் மட்டும் எப்படி இருப்பார்? கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வி கதையைக் குலைப்பதில்லை. காரணம், கதை தன் விதியை முன்கூட்டியே வைத்துவிடுகிறது. சந்நிதியில் சொன்னால் சத்தியம், சந்நிதி காலியாக இருந்தால் வெறும் சொல். இந்த விதியைச் சுந்தரர் நம்புகிறார், சங்கிலியார் நம்புகிறார், இறைவனும் அதற்கு உட்பட்டே நடந்துகொள்கிறார். முடிவுவரை யாரும் அதை மீறுவதில்லை. கண் போனதும் அதே விதியின்படிதான், செய்த சத்தியம் செல்லுபடியானது என்பதற்கு அதுவே சாட்சி. அற்புதம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், ஆனால் வைத்த விதியை நடுவில் மாற்றக் கூடாது. மர்மத் தொடரைப் பார்க்கும் ரசிகர் கேட்பதும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

இங்கிலாந்திலும் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. 1911இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற இளைஞர் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளின் முரண்பாடுகளை வேத நூலுக்கு உரை எழுதுகிற தீவிரத்தோடு ஆராய்ந்து ஆக்ஸ்போர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். ஹோம்ஸ் ரசிகர்கள் ஓட்டை தேடுவதை ஒரு கலையாக வளர்த்தெடுக்க அது வழிவிட்டது. ஹோம்ஸின் தோழர் வாட்சனுக்குப் போரில் குண்டு பட்டது 1887இல் வந்த முதல் நாவலில் தோளில், 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காலில். இந்த இரு காயங்களையும் ஒன்றாக்க ரசிகர்கள் பல தலைமுறைகளாக எழுதியிருக்கிறார்கள். நாக்ஸ் பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். பாதிரியாராக இருந்துகொண்டே 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அமானுஷ்ய சக்திகளுக்கு இடமில்லை என்பது அவற்றில் ஒன்று. தேவனை நம்புகிறவர் துப்பறியும் கதையில் பேயை அனுமதிக்கவில்லை. அவருக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நம்பிக்கை வேறு, தடயம் வேறு.

ஹோம்ஸ் வரிசையிலேயே அமானுஷ்யத்தின் ஓரம்வரை போன கதை 1901–02இல் வெளியான பாஸ்கர்வில் வேட்டை நாய்க் கதை. ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் துரத்தும் பேய் நாய், இருட்டில் வாயிலிருந்து நெருப்பு ஒளிர ஓடி வருகிறது. முடிவில் அது சாதாரண நாய், முகத்தில் பாஸ்பரஸ் பூசியிருந்தார்கள் என்கிறார் ஹோம்ஸ். திருவொற்றியூரில் விம்கோ நகர் என்றொரு பகுதி உண்டு, அந்தப் பெயர் அங்கிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலை தந்தது. தீப்பெட்டி செய்பவர்களுக்குப் பாஸ்பரஸ் பழகிய பொருள். பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸ், குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், இரண்டும் உரசினால்தான் தீ. சிவப்பு பாஸ்பரஸ் இருட்டில் ஒளிராது. ஒளிர்வது வெள்ளை பாஸ்பரஸ். அது கொடிய நஞ்சு, காற்றுப் பட்டாலே வெதுவெதுப்பான சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும். பழைய தீப்பெட்டித் தொழிலாளர்களின் தாடை எலும்பை அழுகவைத்தது அதுதான். அதனாலேயே 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் தீக்குச்சியில் அதைத் தடை செய்ய உடன்பட்டன. அப்படியொரு பொருளை மூக்கிலும் வாயிலும் பூசிய நாய் அதை நக்கியே செத்திருக்கும், அல்லது தோல் வெந்து அலறி ஓடியிருக்கும். மோப்பம் பிடித்துக்கொண்டு ஒருவரைத் துரத்தியிருக்காது. பேய் நாய் என்றே விட்டிருந்தால் இந்தக் கேள்வி எழ வழியே இல்லை. வேதியியலைத் துணைக்கு அழைத்ததால் வேதியியல் தெரிந்தவர்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் கூடவே வந்துவிட்டது.

‘விடாது கருப்பு’ அழைத்தது உளவியலை. அதன் முடிவைப் பற்றிய ஆழமான கேள்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது, குதிரையின் தீனியில் இல்லை. ஒருவருக்குள் பல ஆளுமைகள் என்ற கருத்து அமெரிக்காவில் 1957இல் வந்த ‘ஈவின் மூன்று முகங்கள்’ திரைப்படத்தாலும், 1973இல் வந்த ‘சிபில்’ என்ற நூலாலும் வெகுமக்களிடம் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் அதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது, 1994இல் அதன் பெயரையும் மாற்றியது. அதே காலத்தில் இந்திய மனநல மருத்துவர்கள் தங்களிடம் வந்தவர்களைப் பற்றி எழுதியபோது, இத்தகைய பல ஆளுமை நோய் இங்கே அபூர்வம் என்றும், அதற்குப் பதிலாகச் சாமி வருவதும் பேய் பிடிப்பதுமே அதிகம் என்றும் குறித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 1992இல் தன்னிலை மறப்பும் ஆவேசமும் என்று அதற்குத் தனி இடம் கொடுத்தது. அமெரிக்கக் கையேடும் 2013இல் பல ஆளுமை நோயின் விளக்கத்துக்குள் ஆவேச அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டது.

வடசென்னைத் தெருக்களுக்கு மருத்துவக் கையேடு தேவைப்படவில்லை. ஆடி மாதக் கூழ் வார்த்தலிலும் மாசியில் மயானக் கொள்ளையிலும் சாமி வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. உடுக்கையோ பம்பையோ அடித்தால் வரும், கூட்டம் சூழ்ந்திருக்கும்போது வரும், வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், கற்பூரம் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். வந்ததும் பூசாரி விசாரிப்பார்: வந்திருப்பது யார்? எதற்கு வந்தாய்? என்ன வேண்டும்? சில சமயம் வந்திருப்பது அம்மன்தானா, அந்த இடத்தில் புகுந்த வேறு ஏதாவதா என்று சோதிப்பார். கேட்டதற்குப் பொருந்தாத பதில் வந்தால் கூட்டத்திலேயே முணுமுணுப்பு கிளம்பும். அமானுஷ்யத்தை விசாரணைக்கு உட்படுத்தும் முழு ஏற்பாடு இது. அதை நடத்துகிறவர்கள் அமானுஷ்யத்தை நம்புகிறவர்களே.

இந்த அனுபவத்தோடு ‘விடாது கருப்பு’ முடிவைப் பார்த்தால் அது ஏன் முழுதாக ஒட்டவில்லை என்பது புரியும். சாமி வருவது கூட்டத்தின் நடுவில் நடக்கும் காரியம். தொடரின் கருப்போ தனியாக, இருட்டில், தாளமும் கூட்டமும் இல்லாமல் வருகிறார், திட்டமிடுகிறார், தடயத்தை மறைக்கிறார், பகலில் ஒன்றும் தெரியாதவராக இருக்கிறார். இது தெருவில் பார்த்த ஆவேசம் அல்ல, அமெரிக்கத் திரைப்படத்தில் பார்த்த நோய். ஊர் நம்மூர், தெய்வம் நம்தெய்வம், நோய் மட்டும் வெளியூரிலிருந்து வந்திறங்கியது. ஒரு மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னவுடன் எல்லாம் தெளிந்துவிட்டதாகக் கதை முடிகிறது. ஒரு மனிதர் தன்னைத் தானே அறியாமல் இவ்வளவு நுட்பமாகச் செயல்பட முடியுமா என்ற கேள்விக்குப் பெயர் மட்டும் பதிலாகாது. இந்திரா சௌந்தர்ராஜனும் நாகாவும் இதை உணராதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கருப்பு உண்மையில் இல்லவே இல்லை என்று அந்தத் தொடர் எங்கும் அடித்துச் சொல்வதில்லை. 2024 நவம்பரில் மதுரையில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் தன் எழுத்து வாழ்க்கை முழுவதும் இந்த எல்லையில்தான் நடந்தார். விடை சொன்ன பிறகும் ஒரு விரற்கடை இடத்தைத் தெய்வத்துக்கு விட்டுவைத்தார்.

தமிழில் இதே எல்லையில் இவருக்கு முன்பே நடந்தவர் சுஜாதா. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’ வக்கீல்கள் கணேஷையும் வசந்த்தையும் ஒரு பேய் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. பேயாகத் தெரிந்ததற்கு ஹாலோகிராம் என்ற அறிவியல் விளக்கம் முன்வைக்கப்படுகிறது. ஹாலோகிராபியைக் கண்டுபிடித்த டென்னிஸ் காபருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1971இல், எனவே வாசகர்களுக்கு அது புத்தம் புதிய ஆச்சரியம். ஆனால் இயற்பியல் தெரிந்த வாசகர் அப்போதே கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. ஹாலோகிராம் என்பது ஒரு தகட்டில் பதிந்தது, அந்தத் தகட்டின் திசையில் பார்த்தால்தான் உருவம் தெரியும். திறந்த வெளியில் எல்லாப் பக்கமும் தெரியும்படி ஓர் உருவத்தை நடமாட விடும் வித்தை அன்று எந்த ஆய்வகத்திலும் இல்லை. இந்த இடைவெளியைச் சுஜாதா மறைத்து வைக்கவில்லை, அதையே முடிவாக்கினார். கணேஷ் அறிவியலின் பக்கம், வசந்த் பேயின் பக்கம். ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வாசகருக்குக் கதைக்குள்ளேயே ஒரு பிரதிநிதி கிடைத்தார். நான் படித்த தமிழ் மர்மக் கதைகளில் வாசகரை இவ்வளவு மதித்த முடிவு வேறில்லை.

கற்பனைக்கு வெளியே இதே வேலையைத் தொழிலாகச் செய்த ஒருவரும் நம் பக்கத்தில் இருந்தார். கேரளத்தில் திருவல்லாவில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், ஓய்வுக்குப் பிறகு பேய் வீடுகளையும் ஆவேசங்களையும் விசாரித்து எழுதினார். கல் விழும் வீடு, தானாகத் தீப்பற்றும் துணி என்று வந்த புகார்களில், சம்பவம் நடக்கும்போதெல்லாம் வீட்டில் தவறாமல் இருந்தவர் யார் என்பதைத்தான் அவர் தேடினார். பெரும்பாலும் அது மனம் நொந்த ஓர் இளையவராக இருக்கும். அவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், அவர் துன்பத்தைக் கேட்டு ஆற்ற முயன்றார். அவருடைய விசாரணைக் குறிப்பு ஒன்று 1973இல் முத்துராமன், மஞ்சுளா நடிக்க, டி.ஆர். ராமண்ணா இயக்கத்தில் ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப்படமானது. கோவூரின் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்குப் படுவது இது: அவர் விளக்கங்கள் எடுபட்டதற்குக் காரணம் அறிவியல் சொற்கள் அல்ல. யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் அவரிடம் கச்சிதமாக இருந்தன. லாக் புக் எழுதிப் பழகியவர்கள் மறுக்க முடியாத வகை அது.

சென்னைத் தொழிலாளர்களுக்கு இந்த முறையைத் தமிழில் எடுத்துச் சொன்ன முன்னோடி ம. சிங்காரவேலர். 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடியவர் என்றே அவரைப் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1930களில் ‘குடி அரசு’ இதழில் அவர் எழுதிய அறிவியல் கட்டுரைகளைப் படிப்பவர்கள் குறைவு. மீனவக் குடும்பத்தில் பிறந்து தொழிலாளர்களோடு நின்ற அவர், ஒரு செய்தியை நம்புவதற்கு முன் எப்படிச் சோதிப்பது என்பதைச் சாதாரணத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். மர்மத் தொடரின் ரசிகர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. படிப்பகங்கள், சங்கக் கூட்டங்கள், தெருமுனைப் பேச்சுகள் வழியாக அந்தப் பழக்கம் இங்கே ஊறியிருக்கிறது.

அதற்கு மேல் ஒரு கசப்பான பயிற்சியும் இந்த மக்களுக்கு உண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. காமராஜர் துறைமுகத்தின் முதல் அறிக்கை, எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு இல்லை என்ற பொருளில் வந்தது. அடுத்த நாள்களில் எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் கருப்புக் குழம்பை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கசிவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் முதலில் சொன்னார்கள், எச்சரிக்கை எப்போது வந்தது? இந்தக் கேள்விகளின் உருவம் மர்மத் தொடரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளின் உருவமேதான். மேலிருந்து இறங்கும் விளக்கத்தில் நேரம் இடிக்கிறதா, இடம் இடிக்கிறதா என்று பார்ப்பது இங்கே உயிர் காக்கும் பழக்கம். அதே கண்ணோடு அவர்கள் தொலைக்காட்சியையும் பார்க்கிறார்கள்.

இன்றைய இணையத் தொடர்கள் இந்தப் பார்வையாளருக்கு அதிக வசதி செய்து கொடுத்திருக்கின்றன, படைப்பாளிகளுக்கு அதிகச் சிரமம். 2022இல் வந்த புஷ்கர்–காயத்ரியின் ‘சுழல்’ ஒரு சிமெண்ட் ஆலையின் தீ விபத்தையும் ஒரு பெண் காணாமற்போவதையும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களுக்குள் வைத்துப் பின்னியது. ஒவ்வொரு நாளின் சடங்கும் கதையின் காலக் கணக்காகிறது. திருவிழா தெரிந்தவர் இன்று இரவு எந்தச் சடங்கு, அதில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சரிபார்க்கலாம். ஆலை தெரிந்தவர் சங்கத் தலைவர் எந்த வாசலில் நின்று பேசுவார் என்று சரிபார்க்கலாம். வடசென்னையில் இந்த இரண்டும் தெரிந்தவர்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எட்டுப் பகுதிகள் கொண்ட கதையில் இந்த அளவு சோதனைக்கு இடம் கொடுத்ததே துணிச்சல் என்பேன். பல இடங்களில் அது தாங்கி நின்றது, சில இடங்களில் காவல்துறையின் நடைமுறை கதையின் வசதிக்கு வளைந்தது.

2024 மார்ச்சில் வந்த ‘இன்ஸ்பெக்டர் ரிஷி’ நேரடியாகவே அமானுஷ்யத் துப்பறியும் தொடர். நந்தினி ஜே.எஸ். இயக்கத்தில் நவீன் சந்திரா நடித்தது. காட்டில் பிணங்கள் சிலந்திவலை போன்ற இழையால் சுற்றப்பட்டுக் கிடக்கின்றன, வனரட்சி என்ற காட்டுத் தெய்வத்தின் வேலை என்கிறது ஊர். பத்துப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாயின. வாரக் காத்திருப்பு இல்லை, கதை சொல்லும் அண்டை வீட்டாரும் தேவையில்லை. ஆனால் நிறுத்திப் பார்க்கலாம், பின்னோக்கி ஓட்டலாம், மூன்றாம் பகுதியின் ஒரு சட்டகத்தை ஒன்பதாம் பகுதியோடு ஒப்பிடலாம். முன்பு நினைவை மட்டும் நம்பி நடந்த விசாரணைக்கு இப்போது ஆவணம் கையில் இருக்கிறது. இழையைப் பற்றிய விளக்கம் வரும்போது, ஓர் ஆளைச் சுற்ற எவ்வளவு இழை வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும், அதுவரை காட்டு வழியில் ஒருவரும் வரவில்லையா என்று கணக்கிடத் தொடங்குகிறார்கள். வனரட்சி சுற்றியிருந்தால் ஒரு நொடி போதும், எவரும் கேட்கப்போவதில்லை.

அதனால் அமானுஷ்யத்தையே விடையாக வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று தோன்றலாம். தப்பிக்க முடியாது. சங்கிலியார் கதையில் இறைவனுக்கே விதி இருந்தது. பேய்க்கும் அப்படி ஒன்று வேண்டும்: எப்போது வரும், யார் கண்ணுக்குத் தெரியும், எதைத் தொட முடியும். முதல் பகுதியில் கதவைத் திறக்க முடியாத ஆவி எட்டாம் பகுதியில் கத்தி எடுத்தால், பேயை முழுமனதோடு நம்பும் பாட்டிகூட “அன்னிக்கி ஏன் எடுக்கல?” என்றுதான் கேட்பார். எழுத்து மேசையில் உட்காரும்போதே அந்தப் பாட்டியையும், நைட் ஷிப்டால் ஒரு பகுதியைத் தவறவிட்டு மறுநாள் கதை கேட்பவரையும் எதிரில் உட்காரவைத்து எழுத வேண்டும். தொடரின் பல மாத உழைப்பில் ஒரு வாரத்தை இதற்கென ஒதுக்கி, முழுக் கதையையும் இசையில்லாமல், படமில்லாமல், வாயால் ஒருவருக்குச் சொல்லிப் பார்த்தால் இடிக்கிற இடம் அங்கேயே தெரிந்துவிடும். கேட்பவர் குறுக்கே மறித்து, “இரு, அப்ப அந்தக் குதிரை?” என்று கேட்டால் அவருக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.